ஆப்பரேசன் பத்தியம்

என் வீட்டுக்காரருக்குச் சளி பிடித்தால் எங்கள் தெருவுக்கே தெரியும். முதல் தும்மல் வந்ததுமே நாலு வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி "அம்மா" என்பார். மாமியார் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அதற்குள் இவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டிருப்பார். மாமியார் நொச்சி இலை பறிக்க ஓடுவார். நான் ஆவி பிடிக்க வெந்நீர் வைப்பேன். லாரிக் கிளீனர் வந்து வண்டி எப்போது கிளம்புமென்று வாசலில் நின்று கேட்டால், "பொழச்சு எந்திரிச்சாப் பாக்கலாம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கல்கத்தா வரைக்கும் சொந்த லாரியைத் தானே ஓட்டிப் போகிற மனிதர் அவர். வழியில் டயர் வெடித்தால் நடுவெயிலில் ஜாக்கி போட்டுத் தனியாளாக மாற்றிவிடுவார். ஒருமுறை ஆந்திராவில் பானெட் மூடி விரல்மேல் விழுந்து நகம் பெயர்ந்துபோனது. துணியைச் சுற்றிக்கொண்டு அப்படியே ஊர் வரைக்கும் ஓட்டி வந்தார். வந்து நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மயக்கம் போட்டார்.

எனக்குச் சளி பிடித்தால் மூக்கைச் சிந்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவேன். என்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். மாமியாரும் அப்படித்தான் இருந்தார். பெண்ணுடம்பு என்றால் எங்கேயாவது ஒரு பக்கம் வலித்துக்கொண்டுதான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் ஜவ்வரிசி செய்கிற குச்சிக்கிழங்குக் காடும் கடலைக்காடும்தான். எனக்கு இரண்டு குழந்தைகள். இரண்டு பேரையும் சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இரண்டாவது பிறந்து சில மாதம் கழித்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துக்கொண்டு போனபோது அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா குழந்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"மூச்சு வாங்குதாம்மா?"

"படியேறினா வாங்குமுங்க. எல்லாருக்கும் அப்படித்தானுங்களே."

"எல்லாருக்கும் அப்படி இல்லம்மா" என்றார் அவர்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் பாதி ரத்தம்தான் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பாதி ரத்தத்தை வைத்துக்கொண்டு நான் களை எடுத்தேன், மாடு பார்த்தேன், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டரம்மாவுக்குப் பெருமை இல்லை. ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார். இன்னொரு பிள்ளை வந்தால் நான் தாங்க மாட்டேன் என்றார். குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாமென்றால், இருக்கிற ரத்தத்துக்கு மறுபடியும் வயிற்றில் கத்தி வைக்க முடியாது என்றார். அப்புறம் எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஆப்பரேசன் நீங்க பண்ணிக்கிடுங்க" என்றார்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

டாக்டரம்மாவின் கணவர்தான் அந்த ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கிற டாக்டர். சிரித்த முகம். என்ன தொழில் என்று கேட்டார். லாரி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"டேங்கை நான் தொடவே மாட்டேங்க. என்ஜினையும் தொட மாட்டேன். ஒரு சின்ன பைப் இருக்கு, அதை மட்டும் வெட்டிக் கட்டிடுவேன். வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஹாரன் அடிக்கும். லோடு மட்டும் ஏறாது."

வெட்கத்தில் என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் தொழில்காரருக்குத் தொழில்காரர் கேட்கிற தோரணையில், "மைலேஜ் குறையுங்களா?" என்றார். குறையாது என்று டாக்டர் கையடித்துச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது அவர், சங்ககிரி தாண்டிய பிறகு, "நீ ஏன் மூச்சு வாங்குதுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் ஊர் நிறுத்தம் வருகிறபோது, "சரி, பண்ணிக்கறேன். ஆனா அம்மாகிட்ட நீதான் சொல்லோணும்" என்றார்.

மாமியாரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களுடையது காளை வைத்திருந்த குடும்பம். மரத்தில் கட்டிக் காயடித்த பிறகு ஒரு காளை என்ன ஆகும் என்பது மாமியாருக்கு நன்றாகத் தெரியும். சாதுவாகிவிடும், சதை போடும், ஏர் இழுக்கும். மகனுக்கும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டார்.

"அம்மிணி, நீயே பண்ணிக்க. பொம்பளை ஒடம்பு தாங்கும். கிழிச்சுத் தெச்சுப்போட்டா மறுபடி கூடிக்கும். ஆம்பளை ஒடம்பு அப்படி இல்ல சாமி. ஒருக்கா கத்தி பட்டா அப்பறம் மூட்டை தூக்க முடியாது."

"எனக்கு ரத்தம் இல்லீங்களாம் அத்தை."

"ரத்தம் யாருக்கு இருக்குது?" என்றார் மாமியார். கேட்ட பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். கிட்ட வந்து, டாக்டரம்மா இழுத்த மாதிரியே என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, அதற்கு மேல் தடுக்கவில்லை. ஊருக்குத் தெரியக்கூடாது என்று மட்டும் சொன்னார். குடலிறக்க ஆப்பரேசன் என்று சொல்லிக்கொள்வதாக மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

ஆப்பரேசன் அன்று கைக்குழந்தையோடு நானும் போனேன். அவர் உள்ளே போனார். நான் குழந்தைக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, அது தூங்குவதற்குள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கடையில் டீ குடித்தார், பன் தின்றார். ஒரு வாரம் பளு தூக்க வேண்டாம், மற்றபடி சாதாரணமாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வாடகைக் காரில் சேலத்திலிருந்து ஊர் எல்லை வரைக்கும் டிரைவரோடு டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. மாமியார் நின்றுகொண்டிருந்தார். "அம்மா" என்று ஒரு சத்தம் கேட்டது. டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் அவரை உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. குழந்தையை டிக்கியில் இருந்த தலையணைமேல் கிடத்திவிட்டு அவரைத் தாங்கினேன் என்று இப்போது சொன்னால் பேரன்மார் நம்ப மாட்டார்கள்.

அன்றிலிருந்து பத்தியம் ஆரம்பித்தது.

மாமியாருக்கு ஆப்பரேசனைப் பற்றி எதுவும் தெரியாது. அடிவயிற்றுப் பக்கம் பச்சைப்புண்ணோடு ஒரு ஆள் படுத்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற அத்தனையையும் மகனுக்குச் செய்தார். கிழக்குப் பக்கத்து அறையில் ஜன்னலைச் சாத்திக் கட்டிலைப் போட்டார். காற்றுப் புகாமல் இரண்டு காதிலும் பஞ்சு வைத்தார். தலைக்குத் துண்டு கட்டினார். பச்சைத்தண்ணீர் ஆகாது என்று சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அளவாகக் கொடுத்தார். தன் பழைய நூல்சேலையை நாலாக மடித்து அவர் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"இது எதுக்குங்கம்மா?" என்று அவர் கேட்டார்.

"வயிறு தொங்கிப் போவாம இருக்க" என்றார் மாமியார்.

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம் எல்லாம் வறுத்து இடித்து, கருப்பட்டிப் பாகில் பிடித்து, மருந்துருண்டை காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. மதியம் உரித்த பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி ஒரு கிண்ணம். ஒருநாள் ஈரல், மறுநாள் ஆட்டு ரத்தப் பொரியல், அதற்கடுத்த நாள் முருங்கைக்கீரையும் கருவாடும். சாயங்காலம் அறைக்குள் சாம்பிராணிப் புகை.

என் வீட்டுக்காரருக்குப் பூண்டு ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. அம்மாவிடம் அதைச் சொல்லவும் தைரியம் இல்லை. அதனால் மாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும், "அம்மிணி, இங்க வா" என்று மெல்லக் கூப்பிடுவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே பூண்டைத் தின்பேன். உருண்டையைத் தின்பேன். ஈரலிலும் பாதிக்கு மேல் எனக்கு வந்துவிடும், கட்டிலிலேயே கிடப்பதால் அவருக்குப் பசிக்கவில்லை. காலித் தட்டோடு நான் வெளியே வரும்போது மாமியார் திருப்தியாகப் பார்ப்பார். "எம் பையன் நல்லாத் திங்கறான்" என்பார்.

குடலிறக்கம் என்று கேள்விப்பட்டு சொந்தபந்தம், ஒறம்பரையென்று எல்லோரும் வந்தார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்சும் வந்தன. அதுவரைக்கும் தொந்தரவில்லை. பக்கத்துக் காட்டுக்காரப் பெரியவர் வந்தபோதுதான் சங்கடம். அவருக்கு நிஜமாகவே குடலிறக்க ஆப்பரேசன் நடந்திருந்தது. அது நடந்து பல வருடமாகியும் அவருடைய பேச்சில் பாதி அதைப் பற்றித்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"வலப்பக்கமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கும் வலப்பக்கம். எத்தனை தையல்?"

"அவங்க சொல்லலீங்க."

"சொல்ல மாட்டானுங்க. நாமதான் எண்ணிப் பாக்கோணும். எங்க, வேட்டியத் தளத்து, நான் பாக்கறேன். சரியாத் தெச்சிருக்கானான்னு எனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கட்டு பிரிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பெரியவர் விடவில்லை. தன் வேட்டியை விலக்கித் தழும்பைக் காட்டினார். அது எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். நான் காபி கொண்டுபோனவள் வாசற்படியிலேயே திரும்பிவிட்டேன். போகும்போது பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, ஊட்டுக்குள்ள என்ன பிரசவ வாசம் அடிக்குது?"

அங்கேதான் எங்கள் கணக்குத் தப்பியது. மருந்துருண்டை இடிக்கிற வாசத்தை மறைக்க முடியாது. ஓமமும் பெருங்காயமும் வறுபட்டால் தெரு முழுக்கப் பிள்ளை பெற்ற வீடு என்றுதான் நினைக்கும். எங்கள் வீட்டில் பிள்ளை பெறுகிற வயதில் இருந்தவள் நான் ஒருத்திதான். போதாததற்கு, மோர் வாங்க வந்த எதிர்வீட்டுக்காரி ஜன்னல் சந்து வழியாக நான் பூண்டு தின்பதைப் பார்த்துவிட்டாள். எனக்கு மூன்றாவது தங்கி அது கலைந்துவிட்டதாம், அதை மறைக்கத்தான் அவருக்குக் குடலிறக்கம் என்று கதை கட்டுகிறோமாம். இந்தச் சேதி ராசிபுரம் பக்கமிருக்கிற என் அம்மாவின் ஊருக்கு எந்த பஸ்ஸில் போனதென்று தெரியாது.

ஒரு மத்தியானம் அம்மா வந்து இறங்கினாள். ஒரு கையில் நாட்டுக்கோழி, இன்னொரு கையில் நல்லெண்ணெய்த் தூக்கு. கோழியைக் கீழே விடாமலேயே அழுதாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அம்மிணி. பெத்தவளுக்குச் சொல்லக்கூடாத சேதியா இது?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாமயா ஊடே இப்படி மணக்குது?" என்று மாமியார் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க சம்பந்தி, எம் புள்ளைக்கு ஒண்ணுன்னா எங்களுக்குச் சொல்லியனுப்ப மாட்டீங்களா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

மாமியார் யாருடைய வாய்க்கும் சாதாரணமாகப் பதில் சொல்லாமல் விடுகிறவர் அல்ல. அன்று மட்டும் என் அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கிழக்கு அறைக்குக் கூட்டிப்போய் மகனைக் காட்டினார். பஞ்சு வைத்த காதும், தலையில் துண்டும், வயிற்றில் சேலையுமாக இருந்தவர், தன் மாமியார் வந்த மரியாதைக்கு எழுந்து உட்கார்ந்தார். என் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், மாட்டுக்கட்டுத்தறிப் பக்கம் நின்று அவள் சிரித்த சிரிப்பில் கோழி கையைவிட்டு ஓடிப்போனது.

மறுநாள் காலையில் பால் சொசைட்டிக்கு மாமியாரே போனார். வழக்கமாக நான்தான் போவேன். அன்று நானும் கூடவே போனேன். போகாவிட்டால் ஊர் வேறு என்னவாவது சொல்லும் என்று என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் ஆண்களும் பெண்களுமாக நின்றிருந்தார்கள். மாமியார் பால் கேனைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எம் மருமவளுக்கு ஒண்ணும் கலையல. கலையறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆப்பரேசன் எம் பையனுக்குத்தான். அவனுக்குக் குடலும் எறங்கல. புள்ளை போதும்னு பைப்பைக் கட்டியிருக்குது. இவளுக்கு ஒடம்புல ரத்தம் இல்லைன்னு டாக்டரு சொன்னாங்க, அதனால அவன் பண்ணிக்கிட்டான். இதுல யாருக்காச்சும் கேக்கறதுக்கு இருந்தா இப்பக் கேளுங்க. ஊட்டு ஜன்னல்ல வந்து பாக்காதீங்க."

பால் அளக்கிறவர் அளவையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். எதிர்வீட்டுக்காரி செருப்பைப் பார்த்தாள். பக்கத்துக் காட்டுப் பெரியவர்தான் பின்னாலிருந்து மெல்ல, "அப்ப தையல் எங்கே போட்டாங்க?" என்றார். அவருக்கு அதுதான் கவலை.

திரும்பி வரும்போது வழியிலிருந்த வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தோம். நான் தயங்கித் தயங்கி, "உங்களுக்குப் பிள்ளை பொறந்தப்ப இப்படித்தான் பத்தியம் போட்டாங்களாங்க அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கு யாரு போட்டா? பருத்தி வெடிச்சுக் கெடந்துது. இவன் பொறந்து கொஞ்ச நாள்ல தொட்டில மரத்துல கட்டிப்போட்டுக் காட்டுல எறங்கிட்டேன். இதெல்லாம் மத்தவங்களுக்குப் போட்டுப் பாத்துப் பழகுனதுதான்" என்றார். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. "அந்த உருண்டை எப்படி இருக்கும்? நான் தின்னதே இல்ல. நீதான் திங்கறியே, சொல்லு" என்றார்.

தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

"அவனுக்குச் சின்னதுலயே பூண்டு ஆவாது. எனக்குத் தெரியாதா?" என்று எழுந்து கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்று சாயங்காலம் நான் மாமியாருக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன். வாயில் போட்டு, காரத்தில் கண்ணில் தண்ணீர் வர, "இதையா திங்கறாங்க?" என்று பொடக்காலியில் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் மாமியார் அவரைக் கட்டிலிலிருந்து விடுதலை செய்தார். சேலத்துக்குப் போனோம். டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, தையல் ஆறி எவ்வளவோ நாளாயிற்று, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். படுத்தே கிடந்ததில் இவருக்கு உடம்பு பூசி வேட்டி முடிச்சுக்கு எட்டவில்லை. டாக்டரம்மா என் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

"நல்லா ஏறியிருக்கே. நான் கொடுத்த மாத்திரையை மட்டும் சாப்பிட்டா இவ்வளவு ஏறாதே. வேற என்ன சாப்பிட்டீங்க?"

நான் சொல்லலாமா என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். ஈரல், ரத்தம், கீரை, கருப்பட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"யார் இதெல்லாம் செஞ்சு கொடுத்தாங்க?"

"இவருக்கு ஆப்பரேசன் பத்தியமுங்க" என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். உள்ளறையில் இருந்த கணவரைக் கூப்பிட்டு, என்னை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வருகிற எல்லா ஆண்களுக்கும் இனி இதையே எழுதிக் கொடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

எல்லோருக்கும் எங்களைப் போல அமையவில்லை. என் நாத்தனார் மூன்று பெற்றவள். அவள் வீட்டுக்காரர் ஆப்பரேசன் என்ற வார்த்தையைக் கேட்டதும் சந்தைக்குப் போய்விட்டார். அவளேதான் ஒரு முகாமில் போய்ப் படுத்தாள். தையல் காய்வதற்குள் கடலை பிடுங்கப் போனாள். மாமியார் அதைக் கேள்விப்பட்டு நேரே மகள் வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையைத் திண்டாட வைத்து, அவளைக் கையோடு கூட்டிவந்து அதே கிழக்கு அறையில் படுக்கவைத்தார். இந்தமுறை பூண்டை அவளே தின்றாள்.

என் வீட்டுக்காரருக்கு லாரி ஸ்டாண்டில் முதலில் கேலிதான். நாள் போகப்போகக் கேலி செய்தவர்களிலேயே இரண்டொருத்தர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். சும்மா வந்ததாகச் சொல்வார்கள். மழையைப் பற்றி, வாடகையைப் பற்றிப் பழமை பேசுவார்கள். அப்புறம் குரலைத் தணித்து, "ஏனுங்க, நெசமாவே வலிக்காதுங்களா?" என்பார்கள்.

இவர் பெருமூச்சு விட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொள்வார். "அதை வாயால சொல்ல முடியாதுப்பா" என்று ஆரம்பிப்பார். கத்தி இத்தனை நீளம் என்று கையை விரித்துக் காட்டுவார். தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல்கூட முனகவில்லை என்பார். ஒரு வருடத்தில் அந்த ஆப்பரேசன் வளர்ந்து வளர்ந்து, என்னுடைய இரண்டு பிரசவத்தையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது என்கிற அளவுக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் பயந்துபோய்க் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

அதனால் அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் நான் அடுக்களையிலிருந்து பின்வாசல் வழியாகப் போய் வேலியோரம் நின்று, அவர்களை நிறுத்தி, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. முடிச்சுக்கிட்டு வந்து பன் தின்னாருங்க" என்று சொல்லி அனுப்புவேன்.